தராசுக்காரரின் போர்க்கப்பல்

அந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். மிளகு அளவில் எஃகுக் குண்டுகள். நாற்காலி மெத்தையில் கிடக்கும், குளியலறை மூலையில் கிடக்கும், ஒருமுறை சர்க்கரை டப்பாவிலேயே கிடந்தது. நான் வீட்டு நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வீட்டம்மாவின் படுக்கையை உதறியபோது பதினோரு குண்டுகள் உருண்டன. தானாகப் புரள முடியாத ஒருத்தியின் முதுகுக்கடியில் ஒரு குண்டு ஒரு பொழுது கிடந்தால் போதும், புண் விழும். அன்றைக்கே அவள் கணவரைக் கூப்பிட்டு, பட்டறைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு குண்டுகூட வரக் கூடாது என்று சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் நான் வருவதற்குள் கதவடியில் அரையடி உயரத்துக்கு ஒரு பலகை அடித்து வைத்திருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். அவரைப் பற்றி எழுதும்போது இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

தொழில், தராசு பழுது பார்ப்பது. காய்கறிக் கடைத் தராசிலிருந்து லாரியை ஏற்றி நிறுத்தி எடை போடும் மேடை வரை எல்லாம் அவர் கைக்கு வரும். சோதனைக்கான பித்தளை எடைக்கற்களை வெல்வெட் துணி தைத்த பெட்டியில் வைத்திருந்தார். அவற்றை விரலால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டினால் எடை மாறிவிடுமாம். தராசு சரியாகிவிட்டதென்றால் கம்பி கோத்து ஈய முத்திரை குத்துவார். முத்திரை விழுந்தபின் உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்க்கக் கூடாது, அவரும் பார்க்கமாட்டார். முப்பத்தைந்து வருஷம் இதே வேலை. கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது, ஆனாலும் வேறு ஆளைக் கூப்பிட மாட்டார்கள்.

தொழில் போக அவருக்கு இருந்தது கப்பல். ரிமோட்டில் ஓடும் போர்க்கப்பல். பொம்மை என்று யாராவது சொன்னால் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். ஒரு ஆள் கை கால் நீட்டிப் படுக்கிற நீளம் இருக்கும். எலும்புக்கூடு கெட்டியான மரம், மேல்தோல் மட்டும் பால்சா என்கிற, நெட்டி மாதிரி லேசான மரத்தில் மெல்லிய பலகை. வேண்டுமென்றேதான் தோலை மெலிதாக வைப்பது. ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ஒருவர் கப்பலை இன்னொருவர் நிஜமாகவே சுட்டு ஓட்டை போட வேண்டும். கப்பலுக்குள் ஒரு சின்ன கேஸ் புட்டி இருக்கும், அதன் அழுத்தத்தில் பித்தளைக் குழாய் வழியாக எஃகுக் குண்டு பாயும். தண்ணீர்மட்டத்துக்குக் கோடு வரைந்திருப்பார்கள். கோட்டுக்கு மேலே ஓட்டை விழுந்தால் குறைந்த புள்ளி, கீழே விழுந்தால் நிறைய. உள்ளே ஏறுகிற தண்ணீரை ஒரு சின்ன பம்ப் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பம்ப்பால் முடியாதபோது கப்பல் முழுகும். முழுகின இடத்தைக் காட்ட நூலில் கட்டிய மிதவை ஒன்று மேலே வரும்.

இதற்கென்று இருபது இருபத்தைந்து ஆம்பிளைகள், எல்லாரும் பேரன் பேத்தி எடுக்கிற வயசில், சிவப்பு அணி நீல அணி என்று பிரிந்து, பூங்காக் குளத்தைச் சுற்றிக் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்பார்கள். சுட்டு முடித்தபின் ஓட்டையை எண்ணிப் புள்ளி போட்டு, ஓட்டைமேல் மெல்லிய பட்டுத்துணியை வைத்துப் பசை தடவி, பெயிண்ட் அடித்து, அரை மணியில் மறுபடி தண்ணீரில் விடுவார்கள். ஓட்டை விழுவதும் ஒட்டுப் போடுவதும் அவர்களுக்குச் சட்டைக்குப் பொத்தான் தைப்பது மாதிரி.

வீட்டம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் தப்பியது, முன்னைவிடக் கூர்மையாகவே தப்பியது. கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோற்று வந்து கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "ஊர்ல எல்லாரையும் கப்பலா கவுந்துடுச்சுன்னு கேட்பாங்க. எங்க வீட்டுல அப்படிக் கேட்க முடியாது பாருங்கக்கா, ஆமான்னு சொல்லிடுவார்" என்றாள். அவரும் சிரித்தார். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள். பிள்ளைகள் இல்லை.

நீல அணியின் முக்கியமான ஆள் வீட்டம்மாவின் தம்பிதான். பஸ் ஓட்டுநர். குளக்கரையில் நின்றால் மாமன் மச்சான் உறவு தண்ணீரோடு போய்விடும். மாமா எடை போடுகிறாரே தவிர எடை தாங்கமாட்டார் என்பான் இவன். பஸ்ஸை நிறுத்தத் தெரியாதவன் கப்பலை எங்கே நிறுத்தப்போகிறான் என்பார் அவர். மாலையில் இரண்டு பேரும் அக்காவின் கட்டிலடியில் உட்கார்ந்து ஒரே தட்டில் பிஸ்கட் சாப்பிடுவார்கள்.

தராசுக்காரர் அந்தக் குழுவின் சோதனைக்காரரும்கூட. போட்டிக்கு முன் ஒவ்வொரு கப்பலையும் எடை போட்டு, துப்பாக்கியின் வேகத்தை அளந்து, சரி என்று அவர் சொன்னால்தான் தண்ணீரில் இறக்கலாம். விதிகளை எழுதியதும் அவர்தான். அதில் ஒன்றை எல்லாரும் பயந்து கடைப்பிடித்தார்கள்: முழுகின கப்பலைக் கட்டியவனே இறங்கி எடுக்க வேண்டும். அடியில் கிடக்கும் கப்பலின் துப்பாக்கியில் கேஸ் மிச்சம் இருக்கும். அதைப் பூட்டுகிற பின் ஊசி எங்கே இருக்கிறது, எப்படிச் சொருக வேண்டும் என்பது கலங்கல் தண்ணீருக்குள் கட்டியவன் கைக்குத்தான் தெரியும். முன்பு ஒருவர் உதவி செய்வதாக அடுத்தவர் கப்பலைத் தூக்கி, குண்டு பாய்ந்து கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை தள்ளிப் பட்டதாம். அதற்குப் பிறகு எழுதிய விதி. இந்த விதி எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்.

அவருக்குச் சர்க்கரை பதினெட்டு வருஷமாக. மாத்திரை போடுவார், மறப்பார். இரண்டு பாதமும் மரத்துப்போயிருந்தன. ஒருமுறை சூடான டீ காலில் கொட்டியபோது கீழே குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நான் கவனிக்க வந்தது அவரை அல்ல, அவர் மனைவியை. இருந்தாலும் சும்மா இருக்கவில்லை, செருப்பையும் ஷூவையும் போடுமுன் தட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். தலையாட்டினார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் அவர் ஒரு பெரிய கப்பலைக் கட்டி முடித்திருந்தார். பதினாலு மாதம். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற இரண்டு நாள் போட்டியில் அதை முதல் தடவையாக இறக்குவதாக ஏற்பாடு. போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குளத்தில் நின்று அதை ஓட்டிப் பழகினார். திரும்பி வரும்போது முகம் பூரித்திருந்தது.

மூன்றாம் நாள், புதன்கிழமை, அறையில் ஒரு வாடை. மெல்லிய, இனிப்பான, கெட்ட வாடை. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நான் வீட்டம்மாவைப் புரட்டி முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. விரிப்பை மாற்றினேன். வியாழக்கிழமையும் அதே வாடை. மறுபடி புரட்டினேன். "என்னக்கா, என்னைத் தோசை மாதிரித் திருப்பிப் போட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள். வாடை வந்தால் நோயாளியிடமிருந்துதான் வரும் என்பது என் பழக்கத்தின் குருட்டுத்தனம். அந்த வீட்டில் நோயாளி இரண்டு பேர் என்று எனக்கு உறைக்க ஆறு நாள் ஆயிற்று.

எப்போதும் வெறுங்காலோடு நடக்கிறவர் வீட்டுக்குள் ஷூ போட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். வலது ஷூவின் நாடா மட்டும் தளர்ந்து கிடந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை டீ வாங்கும்போது கை நடுங்கியது, கப்பை இரண்டு கையாலும் பிடித்தார். மதிய வெயிலில் ஸ்வெட்டர். சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துப் பார்த்தேன், கடைசியாகப் பதிவாகியிருந்தது முந்நூற்று அறுபத்தெட்டு.

வியாழக்கிழமை காலை, போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, ஷூவைக் கழற்றச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போட்டி முடியட்டும் என்றார். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க. காட்டுங்க."

காட்டினார். பாதம் வீங்கிப் பளபளத்தது. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் மேட்டில், ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு ஒட்டு. பட்டுத்துணி, வட்டமாக, விளிம்பு பிசிறில்லாமல் வெட்டி, மேலே பசை தடவி, அது காய்ந்தபின் இன்னொரு அடுக்கு. கப்பலுக்குப் போடுகிற ஒட்டு. நேர்த்தியான வேலை. அதைச் சுற்றித் தோல் ஊதா நிறத்தில் இருந்தது.

பூட்ஸ் எங்கே என்று கேட்டேன். பட்டறையில் மேஜைக்கடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. கவிழ்த்துத் தட்டினேன். வலது பூட்ஸிலிருந்து ஒரு குண்டு விழுந்து உருண்டது. காலை முழுக்க, நாலு மணி நேரம், அதன்மேல் எழுபது கிலோவையும் வைத்து நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது ஓட்டையைப் பார்த்திருக்கிறார், வலிக்கவில்லை, ஒட்டிவிட்டார். பதினோரு நாள்.

"தண்ணி உள்ள போகல சிஸ்டர். நீங்களே அமுக்கிப் பாருங்க, ஒட்டு கெட்டியா இருக்கு" என்றார்.

"உள்ள இருக்கறது வெளிய வரணுமே சார்."

அவருக்கு அது புரியவில்லை. வாழ்நாள் முழுக்க வெளியே இருப்பது உள்ளே போகாமல் அடைத்தவர். உள்ளே இருப்பதே ஆளைத் தின்னும் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

தெருமுனை டாக்டரைக் கூட்டி வந்தேன். ஒட்டைக் கத்தரித்ததும் வந்ததை எழுத வேண்டியதில்லை. டாக்டர் கழுவிக் கட்டுப் போட்டு, ஊசி குத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். இன்றைக்கே சேர வேண்டும், எலும்பைத் தொட்டிருந்தால் காலே போகும், இன்னும் தாமதித்தால் உயிரும் போகும் என்று மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போனார். தராசுக்காரர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேர்ந்துகொள்கிறேன் என்றார்.

வீட்டம்மா அழுதாள், திட்டினாள், இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். அவர் துடைத்துவிட்டுப் போய்க் கப்பல் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார். நானில்லாமல் இருபத்துமூணு கப்பலை யார் சோதிப்பது என்று ஒருமுறை கேட்டார். வளர்ந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட முடியாது. முடிந்தவரை சொல்லலாம், சொன்னேன். குளத்தில் கால் வைக்கக் கூடாது, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் ஓட்டலாம் என்று மட்டும் வாக்கு வாங்கினேன். "என் கப்பல் முழுகினாத்தானே நான் இறங்கணும். அது முழுகாது" என்றார். எனக்கு அந்த முதல் வாக்கியம் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது வீட்டம்மா தம்பிக்கு போன் போடச் சொன்னாள். நான்தான் எண்ணை அழுத்தி அவள் காதருகே பிடித்தேன். காலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"டேய், நாளைக்கு முதல் ஆட்டத்துலயே அவர் கப்பலை முழுக அடிச்சுடு. எத்தனை பேரு வேணுமோ சேத்துக்க. கப்பல் போனா மனுஷன் வீட்டுக்கு வந்துடுவார். பதினோரு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரில இருக்கணும்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாருக்கா" என்றான்.

"கால் இருந்தாத்தானே துரத்துவார்" என்றாள்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள். நல்ல யோசனை என்று சொன்னேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். இந்த ஆட்டத்தை அறிந்த தம்பிக்கு அந்த விதி தெரியாமல் இல்லை. தான் குதித்து எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். அந்த ஒரு தடவைக்கு மாமா விட்டுக்கொடுப்பார் என்று நம்பியிருக்கிறான். மாமா எந்தத் தராசுக்கும் ஒரு தடவை விட்டுக்கொடுத்து அவன் பார்த்ததில்லை, ஆனாலும் நம்பினான்.

சனிக்கிழமை காலை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவை வீட்டம்மாவுக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு நான் அவரோடு போனேன். காலுக்குப் புதுக் கட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் பூட்ஸ். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஏழு மணிக்கு ஆரம்பித்து இருபத்துமூன்று கப்பல்களையும் எடை போட்டார். ஒன்று நூறு கிராம் கூடியிருந்தது, கழற்றச் சொன்னார். கழற்றின பாகத்தையும் தனியாக எடை போட்டார். எல்லாரும் அவரை வழக்கத்தைவிட மரியாதையாக நடத்தினார்கள். இரண்டு பேர் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. யாருக்கெல்லாம் தெரியும் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

ஒன்பதரைக்கு ஆட்டம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். பெரிய கப்பல் பச்சைத் தண்ணீரில் சத்தமில்லாமல் போனது. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. நீலக் கப்பல்களில் ஏழு அதை வளைத்தன. பட் பட் என்று ஆணி அடிக்கிற சத்தம். பம்ப் வாயிலிருந்து தண்ணீர் விரல் கனத்துக்குப் பீய்ச்சியது. அவர் கப்பலைத் திருப்பித் தன் அணியின் பக்கம் ஓடவிட்டார். அங்கேயும் பட் பட் கேட்டது.

"மாப்ள, என்ன இது, எல்லாரும் என்மேலயே ஏர்றீங்க?" என்று கரைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"உங்க கப்பல்தான் பெருசாத் தெரியுது மாமா" என்றான் தம்பி. குரல் சரியில்லை. கேலி பண்ணும்போது அவன் குரல் அப்படி இருக்காது.

பதினான்கு நிமிஷம். கப்பல் இடது பக்கம் சாய்ந்தது, பின்பக்கம் இறங்கியது, மூக்கு ஒருமுறை தூக்கி நின்று உள்ளே போனது. யாரும் கைதட்டவில்லை. சிவப்பு மிதவை குளத்தின் நடுவில் மேலே வந்தது.

ஆட்டம் நிறுத்தப்பட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு, கிளம்பலாம் சார், டாக்ஸி நிற்கிறது என்றேன். அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தண்ணீரைப் பார்த்து நடந்தார். தம்பி அதற்குள் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்து குறுக்கே நின்றான்.

"நான் எடுத்துத் தர்றேன் மாமா. நீங்க போங்க."

"பின் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"கண்ணு போயிடும் மாப்ள. நகரு."

நான் அவர் கையைப் பிடித்தேன். அப்படியே கிடக்கட்டும் சார், கப்பலை நாளைக்கு எடுக்கலாம் என்றேன். அதை நாளைக்கு எடுத்தால் கேஸ் வால்வு துருவேறி எடுக்கிறவன் முகத்தில் வெடிக்கும் என்றார். நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கையை மெதுவாக விலக்கினார், எடைக்கல்லை விலக்கி வைப்பது மாதிரி. இறங்கினார்.

முதலில் முழங்கால், பிறகு தொடை. பூட்ஸின் வாய்க்கு மேலே தண்ணீர் போனபோது அவர் நின்று ஒருமுறை கால் மாற்றிக்கொண்டார். இடுப்பளவுக்கு மேலே போய், மிதவை நூலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். முகம் தண்ணீரை ஒட்டி இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். இருபத்தைந்து பேர் கரையில் நின்றோம். பின்னைச் சொருகிவிட்டதற்கு அடையாளமாக ஒரு கையை உயர்த்தினார். பிறகு கப்பலைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கப்பலின் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் ஊற்றியது. கரையேறும்போது வழுக்கி உட்கார்ந்தார், கப்பலை மட்டும் கீழே விடவில்லை.

பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தேன். பழுப்புத் தண்ணீர், இலைத் துணுக்கு, சேறு. பிளாஸ்டிக் பை கிழிந்திருந்தது. கட்டு அவிழ்ந்து பூட்ஸுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

திட்டப்படி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அவசரப் பிரிவின் டாக்டர் அவர் காலில் சிவப்பு ஏறியிருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு மணியை எழுதினார். பன்னிரண்டே கால். மூன்று மணிக்குச் சிவப்பு கோட்டை இரண்டு விரல் தாண்டியிருந்தது. ஐந்து மணிக்கு அறுவை டாக்டர் வந்தார், ஒரு அம்மா, சுற்றி வளைக்காதவர். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், நாளைக் காலைக்குள் எடுத்தால் முழங்காலைக் காப்பாற்றலாம் என்றார். குளத்துத் தண்ணீரால்தானா என்று நான் கேட்டேன். எலும்பில் ஏற்கெனவே இறங்கியிருந்தது, தண்ணீர் எவ்வளவு சேர்த்தது என்று சொல்ல முடியாது என்றார். வாசலில் நின்றிருந்த தம்பி அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

தராசுக்காரர் காகிதத்தை முழுசாகப் படித்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "என் எடையில எவ்வளவு போகும் டாக்டர்?" என்று கேட்டார்.

"மூணரை, நாலு கிலோ" என்றார் டாக்டரம்மா.

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். நான் இப்போது இரண்டு பேருக்கு வேலை செய்கிறேன், ஒரே அறையில் இரண்டு கட்டில். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: மிச்சமிருக்கிற காலைத் தினமும் காலையில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அடிப்பாகம், விரல் இடுக்கு, குதிகால். சர்க்கரைக்காரருக்கு ஒரு கால் போனால் அடுத்த காலுக்கு ஆபத்து அதிகம். எடை முழுக்க அதன்மேல்தான். முதல் ஒன்பது நாள் காட்டினார். நன்றாக இருந்தது.

பத்தாம் நாள் கப்பலைக் கொண்டு வரச் சொன்னார். யாரும் அதற்கு ஒட்டுப் போடவில்லை, அப்படியே இருந்தது. இரண்டு நாற்காலிமேல் வைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் அதைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தீக்குச்சியைச் சொருகினார், குண்டு வந்த திசை தெரியும்படி. காலையில் ஆரம்பித்து மதியம் வரை. நூற்றுப் பத்துக்குமேல் குச்சிகள். இடது பக்கம் முப்பத்துநாலு. அன்றைக்கு அவருடைய இடது பக்கத்தில் நின்றது அவருடைய சொந்த அணி.

நாற்காலியைக் கட்டிலின் பக்கம் திருப்பினார்.

"யாரு சொன்னது?"

வீட்டம்மா சுற்றி வளைக்கவில்லை. "நான்தான். தம்பிகிட்ட நான்தான் சொன்னேன். உங்க கால் தங்கணும்னு."

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் தெரியுமா சிஸ்டர்?"

தெரியும் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொல்லியும் பயனில்லை. முழுகினால் இறங்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது என்றேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி டப்பாவில் திரும்பப் போட்டு மூடினார்.

"காலைக் காட்டுங்கன்னீங்க, காட்டினேன்" என்றார். "காட்டினதுக்கு அப்புறம்தான் இதெல்லாம்."

மறுநாள் காலை முக்காலியைப் போட்டேன். பரவாயில்லை சிஸ்டர், நானே பார்த்துக்கொண்டேன் என்றார். அதற்கு மறுநாளும் அதேதான். குனிந்தால் அவருக்கு உள்ளங்கால் தெரியாது, கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், மேஜைமேல் உறை பிரிக்காமல் கிடக்கிறது. மனைவியோடு பேசுகிறார், மாத்திரை கேட்டு வாங்கிப் போடுகிறார், பழைய மரியாதையோடுதான் என்னிடம் நடந்துகொள்கிறார். தம்பி இரண்டு முறை வந்து வாசலோடு திரும்பிவிட்டான். வீட்டம்மா முன்போலக் கேலி பேசுவதில்லை. ஒருநாள் அவர் குளியலறையில் இருந்தபோது, எனக்கு எழுந்து நடக்க முடிந்தால் அவர் தூங்கும்போது பார்த்துவிடுவேன் அக்கா என்றாள். தூங்கும்போதும் காலுறையைக் கழற்றுவதில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அடுத்த வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் சொன்னேன், வருகிறேன் என்று தலையாட்டினார்.

இதுவரை எனக்கு இருந்த ஒரே வழி துணி துவைக்கும்போது அந்த ஒற்றைக் காலுறையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது. கறை இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து வந்தேன். பத்தொன்பது நாள் சுத்தமாக இருந்தது. நேற்றிலிருந்து காலுறையை அவரே துவைத்துக்கொள்கிறார்.